புதன்கிழமைக்கும் ஒரு திட்டம் வேண்டும்

வணக்கம். இப்போது இரவு 9:20. வேலை முடிந்து இந்த நிமிடம்தான் உள்ளே வந்தேன். தோளில் பை இருக்கிறது, பாருங்கள், இன்னும் கீழே வைக்கவில்லை. உட்காரவும் இல்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன். வழக்கமாக விடுமுறை நாளில் நல்ல வெளிச்சத்தில்தான் உங்களிடம் பேசுவேன். இன்றைக்கு வேண்டுமென்றே இந்த நேரத்தில் கேமராவை வைத்திருக்கிறேன். ஏனென்றால் இன்று புதன்கிழமை. நான் பேச வந்ததே புதன்கிழமை ராத்திரியைப் பற்றித்தான்.

பின்னால் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, தெரிகிறதா? கொஞ்சம் இருங்கள், கேமராவைத் திருப்புகிறேன். ம், இப்போது தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எழுதியது. காலை 5:00 எழுந்திருத்தல். 5:15 முதல் 6:15 வரை உடற்பயிற்சி, வாரத்துக்கு ஆறு நாள். மூன்று வேளைக்கும் என்ன சாப்பிட வேண்டும் என்று கட்டம் கட்டமாக, வேளைக்கு ஒரு நிறத்தில். எழுதி முடித்தபோது மனசு நிறைந்து போயிருந்தது.

இது ஒன்பது நாள் ஓடியது. பத்தாவது நாள் ஆபீஸில் ஒரு வேலை இழுத்துக்கொண்டே போய், வீடு வந்து சேரப் பதினோரு மணி. மறுநாள் ஐந்து மணிக்கு எழ முடியவில்லை. அதற்கடுத்த நாள் எழ முடிந்திருக்கும். ஆனால் ‘விட்டுப்போயிற்றே’ என்ற நினைப்பு என்னைப் படுக்கையிலேயே வைத்திருந்தது. அப்புறம் நாலு மாதம் ஒன்றுமே செய்யவில்லை.

அந்த நாலு மாதமும் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். சோம்பேறி, மனவுறுதி இல்லாதவள் என்றெல்லாம். தாளைக் கிழித்துப் போடவும் மனசு வரவில்லை. ஒருநாள் இதே மாதிரி களைத்து வந்து நின்று அதைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. இதை எழுதியவள் நன்றாகத் தூங்கி எழுந்து, நிதானமாகச் சாப்பிட்டு, வேறு வேலை எதுவும் இல்லாமல் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமைக்காரி. இதைச் செய்ய வேண்டியவள் புதன்கிழமைக்காரி. அவளை ஒரு வார்த்தை கேட்காமல் இவள் திட்டம் போட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து நான் திட்டத்தைத் தலைகீழாகப் போட ஆரம்பித்தேன். வாரத்திலேயே மோசமான நாள் எது? அந்த நாளில், அந்த நிலைமையில், என்ன செய்ய முடியும்? அதுதான் என் திட்டம். மற்ற நாட்களில் அதற்கு மேல் எவ்வளவு செய்தாலும் வரவுதான். இந்த மாதிரி நாளில் என்னால் முடிவது, இதோ இந்த நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுவது. அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகாது. வீட்டுக்குள் வந்து பையைக் கீழே வைத்ததும், வேறு எங்கேயும் உட்காருவதற்கு முன்னால், அந்தப் பத்து. பையை வைத்துவிட்டால் அது ஆரம்பித்துவிடும். அதனால்தான் இன்னும் தோளிலேயே மாட்டிக்கொண்டு பேசுகிறேன்.

‘பத்து முறை உட்கார்ந்து எழுந்தால் என்ன ஆகிவிடும்’ என்று கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. கொஞ்சம் மூச்சு வாங்கும், ஆனாலும் பேச முடியும், அந்த அளவு. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும். 2010ல் அவர்கள் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு நிபந்தனை இருந்தது: ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும். 2020ல் வந்த வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். துண்டு துண்டாகச் செய்தாலும் கணக்கில் வரும். இதைப் படித்த அன்றைக்கு என் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. ஒரு மணி நேரம் கிடைக்காத நாளெல்லாம் வீண் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

2022ல் நேச்சர் மெடிசின் இதழில் இன்னொரு ஆய்வு வந்தது. தனியாக உடற்பயிற்சி செய்யும் வழக்கமே இல்லாத 25,000க்கும் மேற்பட்டவர்கள், அசைவை அளக்கும் கருவியைக் கையில் கட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு சராசரியாக ஏழு வருஷம் போல அவர்கள் உடல்நிலையைக் கவனித்தார்கள். மாடிப்படியில் வேகமாக ஏறுவது, வண்டியைப் பிடிக்க விறுவிறு என்று நடப்பது, பாரம் தூக்குவது, இப்படி ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உழைப்பது ஒரு நாளில் மூன்று தடவை இருந்தவர்களை, அப்படி எதுவுமே இல்லாதவர்களோடு ஒப்பிட்டார்கள். அப்படி மூன்று தடவை உழைத்தவர்களுக்கு இறப்பு அபாயம் 38 முதல் 40 சதவீதம் குறைவாக இருந்தது. இது கவனித்துப் பார்த்த ஆய்வுதான். இதனால்தான் அது என்று அடித்துச் சொல்ல இந்த வகை ஆய்வு போதாது. ஆனாலும் படி ஏறும் அந்த ஒரு நிமிடத்தை அற்பமாக நினைக்க இனி எனக்கு மனசு வராது.

சரி, ஆர்வம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். ‘மோட்டிவேஷன் வரமாட்டேன் என்கிறது’ என்று என்னிடம் சொல்லாத ஆள் இல்லை. இங்கிலாந்தில் நடந்து 2002ல் வெளிவந்த ஒரு ஆய்வை அவர்களிடம் நான் சொல்வேன். மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எதுவும் இல்லை. இரண்டாவது குழுவுக்கு, உடற்பயிற்சி இதயத்தை எப்படிக் காக்கிறது என்று ஊக்கமூட்டும் விளக்கம் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு அந்த விளக்கத்தோடு ஒரே ஒரு வேலை கூடுதல்: அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்யப் போகிறேன் என்று எழுத வேண்டும். அந்த வாரம் முதல் குழுவில் 38 சதவீதம் பேர் உடற்பயிற்சி செய்தார்கள். ஊக்கம் மட்டும் கிடைத்தவர்களில் 35 சதவீதம். நாளும் நேரமும் இடமும் எழுதியவர்களில் 91 சதவீதம்.

ஆசை எல்லோருக்கும் இருக்கிறது, நண்பர்களே. எப்போது, எங்கே என்பதுதான் முடிவாகாமல் கிடக்கிறது. ‘நேரம் கிடைக்கும்போது செய்கிறேன்’ என்பதில் இடமும் இல்லை, நேரமும் இல்லை. ‘பையை வைத்ததும் இந்த நாற்காலியில்’ என்பதில் இரண்டும் இருக்கிறது. நாள் முழுக்க நூறு விஷயத்துக்கு முடிவெடுத்துக் களைத்து வருகிறவளிடம் போய், ‘இன்றைக்குச் செய்யலாமா வேண்டாமா’ என்று நூற்றியோராவது கேள்வியைக் கேட்கக் கூடாது.

அப்புறம், ஒரு நாள் விட்டுப்போனால்? என் ஒன்பது நாள் கதை அங்கேதானே முடிந்தது. புதுப் பழக்கம் ஒட்டிக்கொள்ள எவ்வளவு நாள் ஆகும் என்று லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து 12 வாரம் பார்த்தார்கள். நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசமும் அதிகம்: ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்குக் கணக்குப்படி 254 நாள். 21 நாளில் பழக்கமாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது 1960ல் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், மாறிப்போன முகத்துக்குப் பழகக் குறைந்தது மூன்று வாரமாகும் என்று எழுதியதிலிருந்து கிளம்பி, ‘குறைந்தது’ என்ற வார்த்தையை வழியில் தொலைத்துவிட்டு வந்த கணக்கு. லண்டன் ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறு. நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது கெட்டுப்போகவில்லை என்று கண்டார்கள். நான் நாலு மாதத்தைத் தொலைத்தது ஒரு நாள் விட்டதால் இல்லை, அந்த ஒரு நாளுக்கு நான் கொடுத்த அர்த்தத்தால். இன்றைக்கு விட்டுப்போனால் நாளைக்கு அதே பத்து. இருபதாகச் செய்து ஈடுகட்டவும் வேண்டாம்.

இனி சாப்பாடு. வாருங்கள், ஃப்ரிட்ஜ் பக்கம் போகலாம்.

முதலில் ஒன்று. ராத்திரி ஒன்பது மணிக்குக் கண்டதையும் சாப்பிடத் தோன்றுவதை மனவுறுதியின் குறை என்று நினைக்காதீர்கள். 2004ல் ஒரு ஆய்வில், ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். நிறையத் தூங்கவிட்ட நாட்களோடு ஒப்பிட்டால், போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது. பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. பசி கூடியதோடு, இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள் மீது ஆசையும் கூடியது. இரண்டே ராத்திரியில் இவ்வளவு. இரவெல்லாம் விழித்திருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர்கள், ஷிப்ட் மாறி மாறி வேலை செய்கிறவர்கள், தயவு செய்து உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். கிடைக்கிற தூக்கத்தில் அரை மணி கூட்ட முடிந்தால், அதுவே சாப்பாட்டுக்குச் செய்கிற நல்லதுதான்.

இதோ, திறந்துவிட்டேன். கண் மட்டத்துக்கு நேராக இருக்கிற தட்டு மட்டும் பாருங்கள். வேகவைத்த முட்டை, ஓடு உரிக்காமல். ஒரு டப்பாவில் வேகவைத்த பயறு. இன்னொன்றில் நறுக்கிக் கழுவிய காய்கறி. அவ்வளவுதான் என் முன்னேற்பாடு. ஞாயிற்றுக்கிழமை வாரம் முழுக்கச் சமைத்து அடுக்குவதைச் செய்து பார்த்தேன், வியாழக்கிழமை வரும்போது அந்தச் சாப்பாட்டைப் பார்க்கவே பிடிக்காது. சமைத்ததை ஃப்ரிட்ஜில் மூன்று நாலு நாளுக்கு மேல் வைப்பதும் நல்லதில்லை. அதனால் சாப்பாட்டைச் செய்து வைப்பதில்லை, சாப்பாடு ஆகக்கூடியதைத் தயாராக வைக்கிறேன். இந்த மூன்றும் இருந்தால், பசியோடு வந்து நிற்கிறவள் பத்து நிமிடத்தில் ஒரு தட்டு சாப்பிட்டுவிடலாம். தட்டில் பாதி காய்கறி, அது ஒன்றுதான் நான் கண்ணால் பார்த்து அளப்பது. நறுக்கக்கூட நேரமில்லையா, உறையவைத்த காய்கறி வாங்கிக்கொள்ளுங்கள். அதில் சத்தே இல்லை என்பது தவறான எண்ணம்.

கீழ்த்தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இனிப்பு இருக்கிறது. அதை வீட்டை விட்டு விரட்டவில்லை. எடுக்கக் குனிய வேண்டும், மூடிய டப்பாவைத் திறக்க வேண்டும். கைக்கு முதலில் தட்டுப்படுவது முட்டையாக இருந்தால் பெரும்பாலான நாள் முட்டைதான்.

இன்னொன்று, எனக்கு எல்லாவற்றையும் விட உதவியது இதுதான். சாயங்காலம் ஐந்து மணிக்கு, பசிக்காவிட்டாலும், ஒரு பழமும் ஒரு கைப்பிடி கடலையும் சாப்பிட்டுவிடுகிறேன். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி ஒன்பது வரை வயிற்றைக் காயப்போட்டால், எட்டு மணி நேரப் பசியோடு வீட்டுக் கதவைத் திறக்கிறோம். அந்தப் பசியிடம் எந்தத் திட்டமும் நிற்காது.

இதய நோய், மூட்டு வலி, கர்ப்பம், இப்படி ஏதாவது இருப்பவர்கள் புதிதாக எதையும் ஆரம்பிக்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செய்யும்போது நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். இதில் பிடிவாதம் வேண்டாம்.

ஏன் நாற்காலி என்று சொல்லவில்லையே. என் அம்மாவுக்கு நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருக்கிறது. எழுந்த பிறகு ஒரு நிமிடம் அப்படியே நின்று, அப்புறம்தான் நடப்பார். வயதானவர்களின் கால் வலுவைப் பார்க்க ஒரு சோதனை உண்டு: கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்று எண்ணுவது. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோது அதைச் செய்யச் சொன்னார்கள். கையைக் கட்டிக்கொண்டு எழ முயன்றார், முடியவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் என்னுடைய பத்து ஆரம்பித்தது. இப்போது அம்மாவும் செய்கிறார், நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயர்த்திக்கொண்டு, ஒரு நாளைக்கு நாலு. சென்ற வாரம் ஒரு தலையணையை எடுத்துவிட்டோம்.

சரி, பையைக் கீழே வைக்கிறேன். கேமராவைக் கொஞ்சம் பின்னால் தள்ளுகிறேன், முழுசாகத் தெரியட்டும். பக்கத்தில் நாற்காலி இருந்தால் நீங்களும் இழுத்துக்கொள்ளுங்கள். சக்கரம் வைத்தது வேண்டாம், சுவரை ஒட்டிப் போடுங்கள். பாதம் தரையில் நன்றாகப் பதிய வேண்டும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். முடியாதவர்கள் ஊன்றிக்கொள்ளலாம். இறங்கும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக.

ஒன்று. இரண்டு. மூச்சைப் பிடிக்காதீர்கள். மூன்று. நாலு. ஐந்து. ஆறு. ஏழு, இங்கேதான் தொடை கேட்க ஆரம்பிக்கும். எட்டு. ஒன்பது. பத்து.

ஆயிற்று. போய் அந்த முட்டையை உரிக்கிறேன். நீங்களும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.