முன்பதிவு ஏடு யார் கையில்?

தலைமையேற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, ஓயாத அலுவல்களுக்கிடையே வந்து சிறப்பித்திருக்கும் மாவட்ட ஆட்சியர் அவர்களே, நம் தொழிலின் மூத்தவரான புரவலர் ஐயா அவர்களே, கல்லாவைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் உணவக, விடுதி உரிமையாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

உணவகங்களில் மேசை முன்பதிவு செய்துதரும் ஓப்பன்டேபிள் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பிறப்பு, வளர்ச்சி, பங்குச்சந்தைப் பயணம் மூன்றையும் பேசப் பணித்தார்கள். எந்த மேடையிலும் நான் சொல்லும் பழமொழிதான் இங்கும்: அகல உழுவதிலும் ஆழ உழு.

சான் பிரான்சிஸ்கோவில் சக் டெம்பிள்டன் என்றொருவர். அவர் வீட்டுக்கு மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். பெண்ணைக் கொடுத்தவர்கள் வந்தால் நல்ல சாப்பாடு வேண்டாமா? அவர் மனைவி தொலைபேசியைக் கையில் எடுத்து ஒவ்வொரு உணவகமாக அழைக்கிறார். அழைக்கிறார், அழைத்துக்கொண்டே இருக்கிறார். பகலில் எடுக்க ஆளிருக்காது, சாப்பாட்டு நேரத்தில் எடுக்கக் கை ஒழியாது, உங்களுக்குத் தெரியாததா? மூன்றரை மணி நேரம் போயிற்று, ஐயா! ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிட இடம் கேட்க மூன்றரை மணி நேரம்! அந்தத் தவிப்பில்தான் 1998இல் ஓப்பன்டேபிள் பிறந்தது.

கடைகளிலோ பென்சிலால் எழுதி ரப்பரால் அழிக்கும் நோட்டுதான். இணையதளம் மட்டும் போதாதென்று வரவேற்பு மேசைக்கே தொடுதிரைக் கணினியைக் கொண்டுபோய் வைத்தார்கள். பல நகரங்களுக்கு ஓடினார்கள். இணைய நிறுவனங்கள் வரிசையாகச் சரிந்த டாட்காம் வீழ்ச்சியில் நிறுவனம் மூச்சுத் திணறியது. தலைமை ஏற்ற தாமஸ் லேட்டன் சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க், சிகாகோ, வாஷிங்டன் என்று நான்கே நகரங்களுக்குச் சுருக்கினார். ஓர் ஊரில் கடைகள் நிறைந்தால்தான் விருந்தினர் வருவார். விருந்தினர் வந்தால்தான் மற்ற கடைகளும் சேரும். அகல உழுவதிலும் ஆழ உழு! 2009இல் பங்குச்சந்தையில் இறங்கியது; 2014இல் பிரைஸ்லைன் என்ற இணையப் பயண முன்பதிவு நிறுவனம் அதை 260 கோடி டாலருக்கு வாங்கியது.

ஆனால் உழுத நிலம் யாருடையது? மாதக் கட்டணம் போக, தன் தளம் வழியே வந்த ஒவ்வொரு தலைக்கும் ஒரு டாலர் வாங்கியது நிறுவனம். சான் பிரான்சிஸ்கோவின் இன்காண்டோ உணவக உரிமையாளர் மார்க் பாஸ்டோர் 2010இலேயே இந்தக் கணக்கைப் பொதுவெளியில் கேள்வி கேட்டார். கடைக்காரரின் வாடிக்கையாளரையே அவருக்குக் கட்டணத்துக்குத் தருவதா என்பதுதான் விவகாரம்.

நமக்கும் அதே நிலைதான். செயலி வழியே அறை எடுப்பவரின் தொலைபேசி எண்கூடப் பல நேரம் நமக்குக் கிடைப்பதில்லை. பங்குச்சந்தைக் கதையை விரித்துச் சொல்ல நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். பிற்பகல் அமர்வில் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன்: விருந்தினர் சம்மதத்தோடு அவர் பெயரும் எண்ணும் நம் கடையின் சொந்த ஏட்டில் ஏற வேண்டும்; நேரடி முன்பதிவுக்குச் சங்கமே பொது மென்பொருள் வாங்க வேண்டும். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிபவர்கள் சாப்பாட்டுக்கு முன் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.