பனிமலை வீரரும் எங்கள் லயத்துப் பிள்ளையும்

(இலங்கை மலையகத்தின் அட்டனில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

தலைமை தாங்கும் கழகத் தலைவர் அவர்களே, பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, இந்த மழையிலும் வந்து சேர்ந்திருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, அதிபர்களே, தோட்டத் தலைவர்களே, மாதர் சங்கத் தாய்மார்களே, கிண்ணங்களை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். ஒலிபெருக்கியைக் காசு வாங்காமல் தந்த கடைக்காரத் தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி. தவிசாளர் அவர்கள் இன்னொரு விழாவை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறார். அதை இந்தச் சபை மறக்காது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். எந்த மேடை ஏறினாலும் நான் சொல்வது இதைத்தான், இன்றைக்கும் சொல்கிறேன். பனி விழும் நாடுகளில் பயத்லன் என்றொரு விளையாட்டு உண்டு. அதை வைத்துப் போட்டி, பயிற்சி, பணம் என்று மூன்று விடயம் கதைக்கலாம் என்று வந்திருக்கிறேன்.

பனிச்சறுக்குக் கட்டைகளில் மலை ஏறி இறங்கி ஓட வேண்டும், நடுநடுவே நின்று துப்பாக்கியால் குறிபார்த்துச் சுட வேண்டும். இதுதான் பயத்லன். முதுகில் இருக்கும் துப்பாக்கி குறைந்தது மூன்றரை கிலோ. 50 மீட்டர் தள்ளி ஐந்து கறுப்பு வட்டங்கள். படுத்துச் சுடும்போது 45 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் குண்டு விழ வேண்டும், நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர். நெஞ்சு படபடவென்று அடிக்க, விரல் விறைத்துப்போயிருக்க, பக்கத்துக் கொடி காற்றில் எந்தப் பக்கம் ஆடுகிறது என்றும் பார்த்துச் சுட வேண்டும். சில போட்டிகளில் ஒரு குறி தவறினால் 150 மீட்டர் தண்டனைச் சுற்று ஓட வேண்டும். சிலவற்றில் நேரத்தோடு ஒரு நிமிடத்தைக் கூட்டிவிடுவார்கள்.

இந்த வீரர்களுக்கு நவம்பர் கடைசியில் தொடங்கும் பருவம் மார்ச் வரை போகும். கஷ்டமெல்லாம் நடுவிலே, ஜனவரியில்தான். ஜேர்மனியில் ஓபர்ஹோஃப், அடுத்த வாரம் ரூபோல்டிங், அப்புறம் பல வருடங்களில் இத்தாலியின் அன்டோல்ஸ். வாரத்துக்கு ஓர் ஊர், வாரத்துக்கு ஒரு படுக்கை. ஒரு சளி பிடித்தால் பல மாத உழைப்பு போச்சு. பிள்ளைகளே, இதையும் கேளுங்கள். அன்டோல்ஸ் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெல்லிசு, மூச்சு வாங்கும் என்று பெரிய வீரர்களே அங்கே கணக்குப் பார்த்துத்தான் ஓடுவார்கள். நம்முடைய நுவரெலியா 1,868 மீட்டர். அதைச் சுற்றியிருக்கும் தோட்டங்களில் நம் பிள்ளைகள் தினமும் பள்ளிக்கூடத்துக்கு ஏறி இறங்குவது அந்தக் காற்றிலேதான்.

2017இல் ஒஸ்திரியாவின் ஹொக்ஃபில்சனில் உலகச் சம்பியன்ஷிப் நடந்தது. 20 கிலோமீட்டர் போட்டியில் அமெரிக்காவின் லோவெல் பெய்லி 20 குண்டில் 20ஐயும் அடித்து, 3.3 விநாடி வித்தியாசத்தில் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு 35 வயது. பயத்லனில் அமெரிக்கருக்கு அதுவே முதல் உலகப் பட்டம். ஒரேயொரு குண்டு தவறியிருந்தால் ஒரு நிமிடம் கூடியிருக்கும், தங்கம் கிடைத்திருக்காது.

இனிப் பணத்துக்கு வருகிறேன். ஜேர்மனி, இத்தாலி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் இந்த வீரர்கள் பலருக்கு இராணுவத்திலோ பொலிசிலோ சுங்கத்திலோ உத்தியோகம் உண்டு. மாதம் பிறந்தால் சம்பளம். அமெரிக்காவில் நன்கொடைதான் பெரிய துணை. பருவத்தின் நடுவில், நாளைக்குப் போட்டி என்கிற நேரத்திலும், அனுசரணையாளருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் வீரர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு பணக்கார நாட்டிலேயே சுவர் இல்லாமல் சித்திரம் எழுதச் சொல்கிறார்கள் என்றால், நம் பிள்ளைகளின் பாட்டை யோசித்துப் பாருங்கள்.

நான் உடற்கல்வி படிப்பித்த காலத்தில் ஒரு பிள்ளை இருந்தாள். மேல்பிரிவு லயம், தோட்டத்து வரிசை வீடு. விடியக்காலையில் பனிமூட்டத்துக்குள்ளே தேயிலை ஃபெக்டரி பாதையில் ஏறி ஓடுவாள். ஓடி முடித்து அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள். வலய மட்டத்தில் 3,000 மீட்டரில் முதலிடம். மாகாணப் போட்டி கண்டியில். முதல் நாளே போய்த் தங்கக் காசு இல்லை. விடியச் சாமம் புறப்பட்டோம். அம்மாவால் வர முடியவில்லை. அன்றைக்குக் கொழுந்தெடுக்க மலைக்குப் போகாவிட்டால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். கோதுமை மா ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக் கொடுத்து, லயத்து வாசலில் நின்று, "ஓடி முடிச்சிட்டுச் சாப்பிடு, தங்கம்" என்றார். கினிகத்தேனை வளைவுகளில் பிள்ளைக்கு வாந்தி. நாவலப்பிட்டியில் ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன், அதுவும் தங்கவில்லை. வெறும் வயிற்றோடு மைதானத்தில் இறங்கினாள். மொத்தம் ஏழரைச் சுற்று. ஐந்து சுற்றுக்கு அவள்தான் முன்னால். பார்வையாளர் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆறாவது சுற்றில் கால் தளர்ந்தது. ஒருத்தி தாண்டினாள், இன்னொருத்தி தாண்டினாள், கடைசி நேர்பாதையில் மூன்றாமவளும் தாண்டினாள். நாலாம் இடம். தேசிய மட்டத்துக்குப் போக முடியவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே கேட்டாள்: "சேர், அடுத்த வருசம் முதல் நாளே போயிடலாமா?" அடுத்த வருடம் அவள் பள்ளிக்கூடத்தில் இல்லை. கொழும்பில் வேலைக்குப் போய்விட்டாள்.

பிள்ளையிடம் திறமை இருந்தது. இல்லாமல் போனது ஓர் இரவுத் தங்கலும் ஒரு வேளைச் சாப்பாடும். 1948இல் டங்கன் வைட், 2000இல் சுசந்திகா ஜயசிங்க. இலங்கைக்கு ஒலிம்பிக் பதக்கம் இந்த இரண்டுதான். மூன்றாவது நம் மலையிலிருந்து வரலாம் என்று நான் மனதார நம்புகிறேன். ஆனால் சுவர் இருந்தால்தான் சித்திரம்.

பயிற்சியைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது, நேரம் இடம் கொடுக்கவில்லை. பரிசளிப்புக்கு முன்னால் இரண்டு காரியம் முடிய வேண்டும். தவிசாளர் அவர்களே, கொழுந்து எடுக்காமல் காடாகிப்போன மலைகள் நம் தோட்டங்களில் கிடக்கின்றன. அதில் சமமான ஒரு துண்டுக் காணியில் 400 மீட்டர் ஓடுபாதை அமைக்க, கம்பனியோடும் அரசாங்கத்தோடும் பேசச் சபையில் ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள். அப்புறம், மாகாண மட்டத்துக்குத் தெரிவாகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாள் பயணம், தங்குமிடம், இராச்சாப்பாடு, காலைச் சாப்பாடு, கூட வரும் தாய்க்கு இழந்த பேருக்கான காசு. இதற்கென்று கழகத்தில் ஒரு நிதி இன்றே தொடங்க வேண்டும். பொருளாளர் வாசலில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். தோட்டத் தலைவர்கள் போகும்போது ஆளுக்கொரு புத்தகம் எடுத்துக்கொண்டு போங்கள். அடுத்த சம்பள நாளைக்குள் கணக்கோடு திருப்பித் தந்தால் வரும் போட்டிக்கே பிள்ளைகளை முதல் நாள் அனுப்பலாம்.