நோட்டீஸ் அடித்தது யார்?

நடுவர் அவர்களே, வணக்கம்!

அமெரிக்காவின் அலபாமா மாநிலம், மாண்ட்கமரி நகரம். அங்கே கறுப்பின மக்கள் 381 நாள் பஸ் ஏறாமல் இருந்து ஜெயித்தார்களே, அந்த வெற்றிக்குக் காரணம் மேடைத் தலைவர்களா, ஊர்ப் பெண்களா என்பது வழக்கு. மேடைதான் என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டுப் போனார். மார்ட்டின் லூதர் கிங்கின் பேச்சாற்றலை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் ஐயா, கிங் மேடையேறியது 1955 டிசம்பர் 5, திங்கட்கிழமை மாலை. பஸ்கள் காலியாக ஓடியதோ அன்று காலை! மாலையில் பேசியவர் காலையில் எப்படி பஸ்ஸை நிறுத்தியிருக்க முடியும்?

கல்லூரிப் பேராசிரியை மேரி ஃபேர் பர்க்ஸ் 1946-ல் தொடங்கியது பெண்கள் அரசியல் கவுன்சில். 1950 முதல் அதன் தலைவி ஜோ ஆன் ராபின்சன், அவரும் ஆங்கிலப் பேராசிரியை. பஸ்ஸில் முதல் 10 இருக்கை வெள்ளையருக்கு. காலியாகக் கிடந்தாலும் கறுப்பினத்தவர் உட்காரக் கூடாது. முன்வாசலில் காசைக் கொடுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏற வேண்டும். அதற்குள் வண்டியைக் கிளப்பிவிடும் டிரைவர்களும் உண்டு. இதையெல்லாம் சொல்லி 1954 மே 21 அன்றே மேயருக்குக் கடிதம் எழுதினார் ராபின்சன். பயணிகளில் முக்கால்வாசிப் பேர் எங்கள் மக்கள், நாங்கள் ஏறாவிட்டால் பஸ் ஓடாது என்று கணக்கோடு எழுதினார். பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்றரை வருடம் முன்பு!

1955 டிசம்பர் 1, வியாழன் மாலை ரோசா பார்க்ஸ் கைது. அன்றிரவே ராபின்சன் கல்லூரிக்குப் போகிறார். வணிகத் துறைத் தலைவர் ஒருவர், மாணவர்கள் இருவர், ஒரு சைக்ளோஸ்டைல் மெஷின். திங்கட்கிழமை பஸ் ஏறாதீர்கள் என்ற செய்தியைச் சுருக்கி, ஒரு தாளில் மூன்று வரும்படி ஸ்டென்சில் வெட்டுகிறார்கள். பொழுது விடிவதற்குள் பல்லாயிரம் நோட்டீஸ் அடித்து, வெட்டி, கட்டாகக் கட்டியாகிவிட்டது. கீழே பெயர் கிடையாது. கல்லூரி அரசுப் பணத்தில் நடப்பது; பெயர் போட்டால் வேலை போகும், கல்லூரிக்கும் ஆபத்து. எந்தத் தெருவுக்கு எந்தக் கட்டு என்று வழி குறித்துவிட்டு, காலை 8 மணி வகுப்பையும் எடுத்து முடித்துவிட்டுத்தான் அம்மையார் விநியோகத்துக்குக் கிளம்பினார். பள்ளிக்கூடம், கடை, அழகு நிலையம், முடிதிருத்தகம் எல்லாவற்றுக்கும் கட்டு போனது. போதகர்கள் கூடியிருந்த இடத்துக்கும் ஒரு கட்டு போனது. எதிரணி கொண்டாடும் தலைவர்கள் கையிலேயே நோட்டீஸைக் கொடுத்தவர்கள் எங்கள் அணிப் பெண்கள்!

பஸ் ஏறாதவர்களை ஏற்றிச் செல்லும் கார் ஏற்பாட்டை ஆண்கள் நடத்தினார்களே என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். சுமார் 300 கார்கள் ஓடின. பெட்ரோலுக்குக் காசு? இங்கேதான் ஜார்ஜியா கில்மோர் வருகிறார், ஓட்டல் சமையல்காரி. முதல் கூட்டத்துக்குத் தோழிகளோடு 14 டாலர் திரட்டி, கோழியும் ரொட்டியும் லெட்டூஸும் வாங்கி, சாண்ட்விச் செய்து விற்றார். அப்புறம் கேக், பை, வறுத்த கோழி என்று வியாபாரம் பெருகியது. சமைத்தவர்களில் பலர் வெள்ளையர் வீட்டு வேலைக்காரிகள். பெயர் தெரிந்தால் மறுநாள் வேலை இருக்காது. அதனால் ரொக்கம் மட்டும்தான். உறுப்பினர் பட்டியல் கில்மோரின் தலைக்குள். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 'எங்கிருந்தும் இல்லை'. குழுவுக்குப் பெயரே அதுதான்! 1956-ல் இந்தப் போராட்டத்துக்காக கிங் மீது போட்ட வழக்கில் சாட்சி சொன்ன கில்மோருக்கு வேலை போயிற்று. வீட்டு அடுப்பிலேயே சமைத்து விற்க ஆரம்பித்தார். எதிர்த்துப் போட்டிக்கு இன்னொரு பெண்கள் குழுவும் கிளம்பியது, எது அதிகம் வசூலிக்கிறது பார்ப்போம் என்று. நம்மூர் அம்மன் கோயில் வசூல் மாதிரிதான், ஐயா!

கடைசியாக நீதிமன்றம். பஸ் பாகுபாடு செல்லாது என்ற தீர்ப்பு ரோசா பார்க்ஸின் வழக்கில் வந்ததல்ல. அது மாநில நீதிமன்றத்தில் முடங்கிக் கிடந்தது. 1956 பிப்ரவரி 1 அன்று தாக்கலான தனி வழக்கில்தான் வந்தது. அதை இறுதிவரை நடத்திய வாதிகள் நால்வர்: ஆரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கோல்வின். கோல்வின் 1955 மார்ச்சில் கைதானபோது வயது 15! உச்ச நீதிமன்றம் 1956 நவம்பர் 13 அன்று தீர்ப்பை உறுதி செய்தது. அதே நாளில் மாநில நீதிமன்றம் கார் ஏற்பாட்டுக்குத் தடை போட்டது. அந்தத் தீர்ப்பு மட்டும் வராமல் போயிருந்தால் போராட்டம் என்னவாகியிருக்கும்?

மணி அடித்துவிட்டீர்கள், ஐயா. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் அந்த வாதிகள் நால்வரில் ஓர் ஆணின் பெயரைச் சொல்லட்டும்.