மூலநிரலைத் திறந்துவிட்டால் கூட்டம் தானாக வந்துவிடுமா?

அடுத்த கேள்வி. "தோற்றுப்போகும் நிலையிலிருந்த நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலைப் பொதுவில் வைத்தது, உலகெங்குமிருந்து தன்னார்வலர்கள் வந்து அதை ஃபயர்ஃபாக்ஸ் ஆக்கிவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? நான் எழுதிய கணக்கு மென்பொருளையும் அப்படியே திறந்துவிடலாமா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. நீங்கள் சொன்ன கதையில் தொடக்கமும் முடிவும் சரி. நடுவில் ஆறரை ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன. உங்களுக்கு வேண்டிய பதில் அந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது.

1998 மார்ச் 31 அன்று நெட்ஸ்கேப் மூலநிரலை, அதாவது நிரலாளர்கள் எழுதிய நிரல் வரிகளை, மொசில்லா என்ற திட்டமாக வெளியிட்டது. முழுமையாக வெளியிடவில்லை. அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்தின் காரணமாக தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்கப் பகுதியை எடுத்துவிட்டிருந்தார்கள். மின்னஞ்சல் பகுதியும் இல்லை. ஆஸ்திரேலியாவில் சிலர் ஒரே நாளுக்குள் மறையாக்கத்தைத் திரும்பச் சேர்த்துக் காட்டினார்கள். அந்தச் செய்தி பரவியதும், இனி இப்படித்தான் உலகமே வந்து வேலை செய்யப்போகிறது என்று பலரும் நம்பினார்கள்.

அப்படிப் பெரிய கூட்டம் எதுவும் வரவில்லை. திட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜேமி ஜவின்ஸ்கி சரியாக ஓராண்டு கழித்து விலகினார். விலகும்போது எழுதிய குறிப்பில் அவர் கொடுத்த கணக்கு இது: நெட்ஸ்கேப்பின் முழுநேர ஊழியர்கள் ஏறக்குறைய 100 பேர், வெளியிலிருந்து பகுதிநேரமாக உதவியவர்கள் ஏறக்குறைய 30 பேர். காரணத்தையும் சொன்னார். நிரல் மிகப் பெரியது, சிக்கலானது. புதிதாக வருபவர் ஒரு சிறு மாற்றம் செய்து, அது வேலை செய்வதைக் கண்டு மகிழ வழியே இல்லை. இந்த வரியை நீங்கள் கவனமாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் தொட்டுத் திருத்தும்படி உங்கள் நிரலில் ஏதாவது இருக்கிறதா?

இதற்கிடையில், 1998 அக்டோபரில், பழைய நிரலைக் கைவிட்டு வலைப்பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் கெக்கோ என்ற புதிய இயந்திரத்தின்மேல் எல்லாவற்றையும் திரும்ப எழுதுவது என்று முடிவு செய்தார்கள். அப்படி எழுதிய உலாவியான மொசில்லா 1.0 வந்தது 2002 ஜூனில்.

அப்படியானால் சமூகம் எங்கிருந்து வந்தது? என்னைக் கேட்டால், பக்ஸில்லாவிலிருந்து வந்தது என்பேன். வழுக்களை, அதாவது மென்பொருளில் உள்ள பிழைகளை, பதிவு செய்யும் மென்பொருள் அது. ஒவ்வொரு வழுவுக்கும் ஓர் எண் உண்டு. யார் வேண்டுமானாலும் பதியலாம், எல்லோரும் படிக்கலாம். ஆனால் குவிந்த வேகத்துக்குப் பொறியாளர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1999 ஜூலையில், தீர்க்கப்படாமல் மட்டுமல்ல, பக்கத்தின் எந்தச் சிறு பகுதியால் வருகின்றன என்று சுருக்கிக்கூடத் தரப்படாமல் 370க்கும் மேற்பட்ட வழுக்கள் கிடந்தன. அதற்காகத் தன்னார்வலர்களை அழைத்தார்கள். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. உலாவி தடுமாறும் ஒரு வலைப்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பாதியை வெட்டுங்கள், வழு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மறுபடியும் வெட்டுங்கள். அவ்வளவுதான் வேலை. ஐந்து வழுக்களைச் சுருக்கித் தந்தால் கெக்கோ வெளியீட்டு விருந்துக்கு அழைப்பு, பத்து என்றால் ஒரு பல்லி பொம்மை (கெக்கோ என்பது ஒரு பல்லியின் பெயர்).

ஓர் உதாரணம் சொல்கிறேன். குறிப்பிட்ட ஒரு பக்கத்தை அச்சிடச் சொன்னால் உலாவி செயலிழந்தது. அந்தப் பக்கத்தில் வலைப்பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லில் 896 வரிகள். வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சியது 'செலக்ட்' என்ற ஒரே ஒரு குறி. பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் பெட்டியை அச்சிடத் தெரியாமல்தான் உலாவி விழுந்திருக்கிறது. 896 வரியைக் கொடுத்தால் பொறியாளருக்கு ஒரு நாள் போய்விடும். ஒரு குறியைக் கொடுத்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும். பிற்பாடு ஆந்திரேயாஸ் செல்லர் என்ற ஆய்வாளர் இந்த வழுவையே எடுத்துக்கொண்டு, சுருக்கும் வேலையை இயந்திரமே செய்யும் முறை ஒன்றை விளக்கினார்.

வேலை செய்ய வருபவருக்கு ஒரு சிறிய, முழுமையான, பயனுள்ள காரியம் கிடைத்தது. அவர் அடுத்த வாரமும் வந்தார். சமூகம் இப்படித்தான் உருவாகிறது. நிரலைப் பிறர் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கும் உரிமம் என்பது பூட்டைத் திறக்கும் சாவி மட்டும்தான், உள்ளே வருபவரை உட்காரவைத்துப் பேச ஆள் வேண்டும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஊழியரோ தன்னார்வலரோ, யார் எழுதிய திருத்தமாக இருந்தாலும் இன்னொருவர் படித்து ஒப்புக்கொண்ட பிறகே உள்ளே போகும். அந்நாளில் டிண்டர்பாக்ஸ் என்ற இணையப் பலகையில் எந்தத் திருத்தத்துக்குப் பின் நிரல் உடைந்தது என்று சிவப்பு நிறத்தில் தெரியும். உடைந்தால், சரிசெய்யும்வரை வேறு எதையும் சேர்க்க விடமாட்டார்கள். அதைக் காவல்காக்க முறைவைத்து ஓர் ஆள் இருப்பார்.

மிட்செல் பேக்கரையும் சொல்லாமல் விட முடியாது. மொசில்லா உரிமத்தை எழுதிய வழக்கறிஞர் அவர். நெட்ஸ்கேப்பை வாங்கிய ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனம் 2001இல் அவரை வேலையை விட்டு நீக்கியது. அவர் சம்பளமில்லாமல் தொடர்ந்து திட்டத்தை நடத்தினார். 2003 ஜூலையில் மொசில்லா அறக்கட்டளை பிறந்தபோது ஏஓஎல் 20 லட்சம் டாலர் தருவதாகச் சொல்லி ஒதுங்கிக்கொண்டது. அன்று ஆள் கூடும் இடமாக, பழகிய கைகளாக ஒரு சமூகம் ஏற்கெனவே இருந்ததால்தான் அது பிழைத்தது.

ஃபயர்ஃபாக்ஸ் பற்றிப் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. அதைத் தொடங்கியவர்கள் டேவ் ஹயட், பிளேக் ராஸ் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். எல்லோரும் எல்லா வசதியையும் சேர்த்துச் சேர்த்து மொசில்லா கனத்துப்போனதைப் பார்த்து, கதவைக் கிட்டத்தட்டச் சாத்திக்கொண்டு எழுதினார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். வடிவமைப்பை நூறு பேர் சேர்ந்து தீர்மானிக்க முடியாது. வேறு வழிகளில் கூட்டம் உள்ளே வந்தது: உலாவிக்குக் கூடுதல் வசதி தரும் நீட்சிகள் எழுதினார்கள், மொழிபெயர்த்தார்கள், பரப்பினார்கள். தமிழ் இடைமுகமும் அப்படித் தன்னார்வலர்கள் செய்ததுதான். 2004 நவம்பர் 9 அன்று 1.0 வெளியானது. அடுத்த மாதமே நியூயார்க் டைம்ஸில் இரண்டு பக்க விளம்பரம், பணம் கொடுத்த ஏறக்குறைய 10,000 பேரின் பெயர்களோடு.

பிறகு உலாவியில் தங்கள் தேடுபொறியை வைப்பதற்காக நிறுவனங்கள் தரும் ஒப்பந்தப் பணம் வந்தது, சம்பள ஊழியர்கள் பெருகினார்கள். 2017இல் ஃபயர்ஃபாக்ஸ் 57 பழைய வகை நீட்சிகளை நிறுத்தியது. பாதுகாப்புக்கும் வேகத்துக்கும் அது தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் உழைத்த நீட்சி ஆசிரியர்கள் பலர் அன்றோடு போய்விட்டார்கள், அந்த இழப்பு எனக்கு இன்றும் வலிக்கிறது. 2020இல் 250 பேரை வேலையிலிருந்து நீக்கியபோது செர்வோ என்ற புதிய உலாவி இயந்திரத்தின் குழுவும் கலைந்தது. அந்தத் திட்டம் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ்ப் போய் இன்றும் நடக்கிறது.

எனவே, உங்கள் கணக்கு மென்பொருளைத் தாராளமாகத் திறந்துவிடுங்கள். ஆனால் அதற்கு முன் ஒருவர் ஒரே மாலையில் முடிக்கக்கூடிய பத்து வேலைகளை எழுதிவையுங்கள், வரும் திருத்தங்களைப் படித்துப் பதில் சொல்ல வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். அந்த நாளை ஒதுக்க முடியாது என்றால் இப்போதைக்குத் திறக்க வேண்டாம். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.