நத்தை எல்லை தாண்டியது என்று எப்போது நம்பலாம்?

வணக்கம் நண்பர்களே. இன்று மேசைமேல் ஒரே ஒரு ஓடுதான் இருக்கிறது. லென்ஸுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன், நன்றாகப் பாருங்கள். பருத்த உடம்பு, குட்டையான கூம்பு, வரிகளின்மேல் பழுப்புக் கோடுகள் விட்டுவிட்டு ஓடுகின்றன. இப்போது திருப்புகிறேன். வாயின் உட்புறம் தெரிகிறதா? நல்ல ஆரஞ்சு நிறம். இந்த நிறம்தான் இதைக் காட்டிக்கொடுக்கும். பெயர் ரபானா வெனோசா. சிப்பியையும் மட்டியையும் வேட்டையாடித் தின்கிற கடல் நத்தை.

இதன் பூர்வீகம் ஜப்பான், கொரியா, சீனக் கரையோரக் கடல்கள். 1940களில் கருங்கடலில், நோவோரோசிஸ்க் விரிகுடாவில் தென்பட்டது. 1998இல் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் கிடைத்தது. அவ்வளவு தூரம் ஊர்ந்தா போயிருக்கும்? கப்பலில்தான் போயிருக்க வேண்டும். கப்பல் நிலை சாயாமல் இருக்க அடித்தொட்டிகளில் கடல் தண்ணீரை நிரப்புவார்கள், வேறொரு துறைமுகத்தில் அதைத் திறந்துவிடுவார்கள். அந்தத் தண்ணீரில் நத்தை லார்வாக்கள், அதாவது மிதந்து திரியும் நத்தைக் குஞ்சுகள் இருந்தால் அவையும் அங்கே இறங்கிவிடும். கருங்கடலில் குடாவுத்தா என்ற இடத்தில் இருந்த சிப்பிப் படுகையை இந்த நத்தை நாசமாக்கியது. இப்போது அதே கருங்கடல் நாடுகள் இதைப் பிடித்து, இறைச்சியைக் கிழக்காசியாவுக்கு ஏற்றுமதி செய்கின்றன. வந்த இடத்துக்கே திரும்பிப் போகிறது, பாவம், உயிரோடு அல்ல.

சரி, இன்றைய விஷயத்துக்கு வருவோம். ஒரு நத்தை இனம் இதுவரை தெரிந்த எல்லைக்கு வெளியே கிடைத்தது என்று யாராவது சொன்னால், அதை எப்போது நம்புவது?

என்னைக் கேட்டால், முதலில் ஒரே ஒரு கேள்வி. உயிரோடு இருந்ததா? காலி ஓடு மட்டும் கிடைத்தது என்றால் நான் பெரிதாக உற்சாகப்பட மாட்டேன். ஓடு ஊர் சுற்றும் பொருள். துறவி நண்டு அதைத் தூக்கிக்கொண்டு நடக்கும். மீன்பிடி வலையில் சிக்கி வேறு கரையில் உதறப்படும். கரை அரிக்காமல் இருக்க எங்கிருந்தோ மணலை அள்ளிவந்து கொட்டுவார்கள், அந்த மணலோடு ஓடும் வரும். அலங்காரத்துக்கு வாங்கியவர் சலித்துப்போய்க் கடலிலேயே வீசியிருப்பார். சில ஓடுகள் பல நூறு வருடம் மண்ணில் புதைந்து கிடந்து வெளியே வந்தவையாகவும் இருக்கும். ஆகவே காலி ஓடு ஒரு துப்பு, அவ்வளவுதான். ஆனால் உள்ளே ஈரமான சதை ஒட்டியிருந்தாலோ, வாயை அடைக்கும் மூடி இடத்திலேயே இருந்தாலோ கதை வேறு. செத்து அதிக நேரம் ஆகவில்லை என்று அர்த்தம்.

உயிரோடு கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். அங்கே குடும்பம் நடத்துகிறதா, வழி தவறி வந்து தங்கியதா என்பது அடுத்த கேள்வி. இதற்கு கெல்லட் நத்தையை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கெல்லெட்டியா கெல்லெட்டி. கலிஃபோர்னியாவின் பாறைக் கடலில் வாழும் பெரிய நத்தை, உள்ளங்கையை நிறைக்கும் அளவுக்கு வளரும். அதன் வடக்கு எல்லை பாயின்ட் கன்செப்ஷன் முனை என்றுதான் வெகுநாள் எழுதிவைத்திருந்தார்கள். கரை திடீரெனத் திரும்பும் இடம் அது, வடக்கே குளிர்ந்த நீர், தெற்கே வெதுவெதுப்பான நீர். பல உயிரினங்களின் எல்லை அங்கேதான் முடிகிறது. 1980 வாக்கில் இந்த நத்தை அதைத் தாண்டி மான்டரே பக்கம் கிடைத்தது. பிற்பாடு ஆய்வாளர்கள் போய் எண்ணி, அளந்து பார்த்தார்கள். புதிய பகுதியில் எண்ணிக்கை குறைவு, இருப்பவற்றிலும் பெரிய வயதான நத்தைகளே அதிகம், குட்டிகள் அபூர்வம். அதாவது எப்போதோ ஒரு நல்ல வருடத்தில் நீரோட்டம் லார்வாக்களைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறது, அவை வளர்ந்துவிட்டன, அதற்குப் பிறகு வரத்து ஒழுங்காக இல்லை. வெப்பம் கூடியதால் வடக்கே போனது என்று ஒற்றை வரியில் முடிக்க ஆசையாகத்தான் இருக்கும். அந்த அளவெடுப்பு அவ்வளவு சுலபமாக விடவில்லை.

எனவே புதிய இடத்தில் நத்தையைப் பார்த்தால், ஒன்றைப் படம் எடுத்துவிட்டு ஓடிவராதீர்கள். எத்தனை இருக்கின்றன, ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீட்டர், சின்னது இருக்கிறதா, முட்டைக் கூடுகள் பாறையில் ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லா அளவும் கலந்து இருந்தால் வருடா வருடம் பிறக்கின்றன என்று பொருள்.

அடுத்து எனக்கு மிகவும் பிடித்த இடம், ஓட்டின் உச்சி. இதோ, லூப் என்ற கைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டுகிறேன். நுனியில் வழவழப்பாக ஒரு துளி தெரிகிறதே, அது நத்தை லார்வாவாக இருந்தபோது கட்டிய ஓடு. பெரிய ஓடு அதற்குக் கீழே பிறகு வளர்ந்தது. நுனியில் சன்னமாகப் பல சுற்றுகள் இருந்தால், அது கடலில் மிதந்து, மேய்ந்து, வாரக்கணக்கில் பயணம் செய்த லார்வா. மொத்தமே ஒன்று, ஒன்றரைச் சுற்று, அதுவும் உப்பலாக இருந்தால் முட்டையிலிருந்து நேரே ஊர்ந்து வந்த பிள்ளை, மிதக்கவே இல்லை. குப்பைத்தொட்டியில் போடுகிற உடைந்த ஓட்டில்கூட நுனி மட்டும் பிழைத்திருந்தால் இதைப் படிக்கலாம். வயதான நத்தைகளில் நுனி தேய்ந்து போயிருக்கும், அதனால்தான் சின்ன நத்தையையும் தேடச் சொன்னேன்.

அப்படியானால் மிதக்கிற லார்வா உள்ள இனம்தான் தூரம் போகும் என்று நினைப்பீர்கள். ராக்கால் பாறையைக் கேளுங்கள். வட அட்லாண்டிக்கில் தன்னந்தனியாக நிற்கும் சின்னப் பாறை. அங்கே வாழும் கரைநத்தை லிட்டோரினா சாக்சடிலிஸ், வயிற்றிலேயே குட்டிகளைச் சுமக்கும் இனம், மிதக்கும் லார்வா கிடையாது. மிதக்கும் லார்வா உள்ள லிட்டோரினா லிட்டோரியா அங்கே இல்லை! 1988இல் இதை ஒரு முரண் என்றே தலைப்பிட்டு எழுதினார்கள். யோசித்தால் புரியும். கர்ப்பிணி ஒன்று மிதக்கும் பாசியில் ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தால் போதும், பிள்ளைகள் காலடியிலேயே பிறந்து, வளர்ந்து, ஜோடி சேரும். மற்றதன் பிள்ளைகளை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும், தனியாக வந்தது தனியாகவே முடியும். போய்ச் சேர்வது வேறு, நிலைப்பது வேறு.

இனி ஆதாரம். படம் எடுத்தால் வாய்ப்பக்கம், முதுகுப்பக்கம், நுனி, மூடி, உயிரோடு ஊரும்போது தலையும் பாதமும், எல்லாம் வேண்டும். பக்கத்தில் அளவுகோல் இருக்கட்டும். இடம், தேதி, ஆழம், பாறையா மணலா என்பதை அங்கேயே எழுதுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போல, பார்த்த உயிரினங்களைப் பதியும் தளத்தில் ஏற்றுவது நல்லது, ஆனால் அதோடு நிறுத்தினால் போதாது. அனுமதி இருந்தால் பிடித்த நத்தை ஒன்று அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பதிவு எண் பெற வேண்டும். நாளைக்கு ஒருவர் இந்த இனத்தையே இரண்டாகப் பிரித்தால், எது கிடைத்தது என்று திரும்பிப் பார்க்க அது ஒன்றுதான் வழி. அதைக் கெடாமல் வைக்க ஃபார்மலின் வேண்டாம், டிஎன்ஏ கெடும். எத்தனால்தான். அதிலும் ஒரு சிக்கல்: நத்தை உள்ளே போய் மூடியை இறுக அடைத்துக்கொள்ளும், எத்தனால் உள்ளே புகாது, சதை அழுகிவிடும். இதற்குப் பாரிஸ் அருங்காட்சியகத்துக்காரர்கள் 2014இல் ஒரு வழியை வெளியிட்டார்கள். மைக்ரோவேவ் அடுப்பில் சில நொடி வைத்தால் சதை ஓட்டிலிருந்து விட்டுவிடும், உடையாத ஓடும் டிஎன்ஏ எடுக்கத்தக்க சதையும் தனித்தனியாகக் கிடைக்கும். கேட்கும்போது சிரிப்பு வருகிறது, வேலை செய்கிறது.

பழைய பதிவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 19ஆம் நூற்றாண்டின் பெரிய ஓடு சேகரிப்பாளர் ஹியூ கமிங். அவர் இறந்தபின் அவருடைய சேகரிப்பைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்கியது. காற்று அடிக்கும் நாளில் தட்டுகளைத் திறந்தபடி முற்றத்தின் குறுக்கே தூக்கிப்போனதில் ஓடுகளின் ஊர் எழுதிய சீட்டுகள் பறந்துவிட்டன என்று ஒரு கதை சொல்வார்கள். அது நடந்ததோ இல்லையோ, அவருடைய ஓடுகளில் பலவற்றின் ஊர் தவறு என்பது அந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது. நீங்கள் தாண்டியதாக நினைக்கும் எல்லைக்கோடே அப்படியொரு சீட்டின்மேல் போட்டதாக இருக்கலாம். இனத்தின் பழைய பெயர்களையும் கடல் உயிரினங்களின் பெயர்ப் பட்டியலான வோர்ம்ஸ் தளத்தில் பாருங்கள், வேறு பெயரில் அதே கரையில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும்.

இன்னொன்று. நியூ கலிடோனியாவில் கூமாக் என்ற இடத்தில் வலைபோட்டுச் சலித்தபோது நத்தை, சிப்பி போன்ற மெல்லுடலிகளில் 2,738 இனங்கள் கிடைத்தன. அவற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே ஒரு மாதிரியாகக் கிடைத்தவை. அவ்வளவு பேர் அவ்வளவு உழைத்தும் நிலைமை அதுதான். அப்படியிருக்க, அரிசி அளவு நத்தை இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை என்பதற்காக அது புதிதாக வந்தது என்று சொல்ல முடியுமா? யாரும் சலிக்காத கரையில் ‘இல்லை’ என்ற சொல்லுக்கு மதிப்பே கிடையாது. அதனால் தேடிப் பார்த்து ஒன்றும் கிடைக்காத நாளையும் எழுதிவையுங்கள், எவ்வளவு நேரம், எந்த இடம் என்று. பிரிட்டனில் 1962–63 கடுங்குளிரில் ஒரு கரைநத்தை இனம் வடக்கு எல்லையில் அழிந்து பின்வாங்கியது, பிறகு மெல்ல மீண்டு வந்தது. இது தெரிவதற்குக் காரணம், குளிருக்கு முன்னும் பின்னும் அதே பாறைகளில் ஒருவர் இறங்கி, இருக்கிறது, இல்லை என்று இரண்டையும் குறித்ததுதான்.

அடுத்த வீடியோவில் நுனிச் சுற்றுகளை எண்ணும் முறையைப் படத்தோடு காட்டுகிறேன். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று கையில் இருந்தால் போதும், வேறு கருவி தேவையில்லை.