பட்டியலை எழுதுவது யார்?

(மன்னார்குடியில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, நண்பர்களே,

2014 மக்களவைத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அதிமுக 44 சதவீதத்தை ஒட்டி வாக்கு வாங்கி, 39-ல் 37 இடங்களை அள்ளியது. திமுக 23 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் ஓர் இடம்கூட இல்லை. 2004-ல் இதே அடி அதிமுகவுக்கு விழுந்தது. வாக்குக்கு ஏற்ற பங்கு என்றால் 2014-ல் திமுகவிலிருந்து ஒன்பது பேராவது டெல்லிக்குப் போயிருப்பார்கள்.

விகிதாசாரப் பட்டியல் முறை, அதாவது கட்சி ஒரு பெயர்ப் பட்டியல் கொடுக்க, வாங்கிய வாக்குக்கு ஏற்ப அதிலிருந்து ஆட்கள் போகும் முறை, வேண்டும் என்று இடதுசாரிகள் கேட்பது இதனால்தான். நம் நாகப்பட்டினத்தையே பாருங்கள். இந்தியக் கம்யூனிஸ்ட் அங்கே நிற்க வேண்டுமானால் முதலில் கூட்டணிப் பங்கீட்டில் அந்தத் தொகுதி கிடைக்க வேண்டும். பட்டியல் வந்தால் அந்தக் கெஞ்சல் இல்லை. நியாயம்தான். ஆனால் அந்தப் பட்டியலை எழுதுவது யார்?

வேதாரண்யத்துக்குக் கடல் தாண்டினால் யாழ்ப்பாணம். இலங்கையில் 1989 முதல் இந்த முறையில்தான் நாடாளுமன்றத் தேர்தல். 225 பேரில் 196 பேர் மாவட்டப் பட்டியலில் வருகிறார்கள், மிச்சம் 29 பேர் தேசியப் பட்டியலில். வாக்குச்சீட்டில் கட்சிக்கு ஒரு புள்ளடி, அதாவது பெருக்கல் குறி. அப்புறம் அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. கட்சிக்கு எத்தனை இடம் என்பதை முதல் புள்ளடி முடிவு செய்கிறது. யார் யார் என்பதை விருப்பு வாக்கு. ஒரே கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வார்கள், உண்மைதான். வெட்டிக்கொள்ளட்டும். தலைவர் வீட்டு வாசலில் காத்துக் கிடப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

தேசியப் பட்டியலில் விருப்பு வாக்கு கிடையாது; கட்சி சொல்லும் ஆள்தான் உள்ளே போவார். 2020-ல் முன்னாள் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க கொழும்பில் தோற்றார். அவருடைய ஐக்கிய தேசியக் கட்சிக்கு எந்த மாவட்டத்திலும் இடமில்லை, தேசியப் பட்டியலில் ஒன்றே ஒன்று. பத்து மாதம் அதைக் காலியாகப் போட்டு வைத்து, 2021 ஜூனில் அவரே உள்ளே போனார். 2022 ஜூலையில் ஜனாதிபதி!

பங்கும் அப்படியே துல்லியமாக வந்துவிடாது. 2024-ல் யாழ்ப்பாண மாவட்டத்தில் கால்பங்கு வாக்கு வாங்கிய தேசிய மக்கள் சக்திக்கு ஆறில் மூன்று இடம். முதலில் வரும் கட்சிக்கு போனஸாக ஓர் இடம் உண்டு. 5 சதவீதத்துக்குக் கீழே விழுந்த வாக்குகள் கணக்கிலேயே வராது.

சரி, நம் டெல்டாவுக்கு எப்படி? தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மூன்றுக்கும் ஒரே பட்டியல் வைத்தால் மூன்றே இடம்; சின்னக் கட்சிக்கு ஒன்றும் மிஞ்சாது. சிதம்பரம், திருச்சி, பெரம்பலூர், கரூரையும் சேர்த்தால் ஏழு. பங்கு ஓரளவு வரும். ஆனால் மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தும் கடைமடை காய்ந்தால், தலைஞாயிறு விவசாயி அந்த ஏழு பேரில் யார் சட்டையைப் பிடிப்பார்? அப்புறம், நாகை தனித் தொகுதி. பட்டியலில் அந்த இடம் என்னவாகும்? நேபாளத்தில் 275-ல் 110 பேர் பட்டியலில் வருகிறார்கள். அதில் பெண்கள், தலித்துகளுக்கான பங்கைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

என் யோசனை ஜெர்மனி முறைக்குப் பக்கத்தில் வரும். தொகுதி உறுப்பினர் இருக்கட்டும், கூடவே மாநிலத்துக்கு ஒரு பட்டியல். ஜெர்மனியில் அந்தப் பட்டியலைக் கட்சிதான் வரிசைப்படுத்துகிறது. இங்கே அதற்கு விருப்பு வாக்கு வேண்டும். பெரிய கட்சிகள் பட்டியலுக்கு ஒருவேளை தலையாட்டும். விருப்பு வாக்குக்கு லேசில் ஆட்டாது.