அட்லாண்டாவில் இரண்டரை அங்குலப் பனி

வணக்கம் நேயர்களே. பனி என்றால் நமக்கு மார்கழிப் பனிதான். புல் நுனியில் முத்து முத்தாக நிற்கும், வெயில் ஏறினால் காணாமல் போகும். வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாக விழுகிறதே, அதற்கும் நாம் பனி என்றே பெயர் வைத்துவிட்டோம். நான் பேச வந்தது அந்தப் பஞ்சுப் பனியைப் பற்றி. அதுவும், அது சாதாரணமாக எட்டிப் பார்க்காத ஊர்களில் விழுந்தபோது என்ன ஆனது என்பதைப் பற்றி.

அமெரிக்காவின் தெற்கே, ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவில் சில வருடம் வேலை பார்த்தேன். ஜனவரியில்கூடப் பல நாள் பகலில் ஒரு ஸ்வெட்டர் போதும். வருடத்துக்குச் சராசரியாக இரண்டு அங்குலம் பனி விழும் என்பார்கள். அந்தச் சராசரியை நம்பிவிடாதீர்கள். சில வருடம் பொட்டுப் பனி விழாது. ஒரு வருடம் மொத்தக் கணக்கையும் ஒரே நாளில் தீர்த்துவிடும்.

2014 ஜனவரி 28 அப்படித்தான். பனி விழ ஆரம்பித்ததும் அலுவலகங்களும் பள்ளிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஆட்களை வெளியே விட்டன. நான் மதியம் ஒரு மணிக்குக் காரை எடுத்தேன். வீடு பதினைந்து மைல். போய்ச் சேர்ந்தபோது இரவு பதினொன்று, அதுவும் கடைசி ஒரு மைலுக்கு வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடைதான். நான் கொடுத்துவைத்தவன். ஹைவேயில் காருக்குள்ளேயே விடியவிடிய உட்கார்ந்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில். பல பள்ளிகளில் பிள்ளைகள் அங்கேயே படுத்துத் தூங்கினார்கள். நெரிசலில் நின்ற ஒரு காரில் குழந்தையே பிறந்தது.

இத்தனைக்கும் விழுந்தது மூன்று அங்குலம்கூட இல்லை. வடக்கே பாஸ்டன் பக்கத்துக்காரர்கள் கேலி செய்தார்கள். அதில் எனக்கு இன்றும் கொஞ்சம் கோபம் உண்டு. சக்கரம் ஏறி ஏறி உருகிய பனி, குளிர் இறங்கியதும் கண்ணாடிபோல உறைந்துவிட்டது. அட்லாண்டாவோ மேடும் பள்ளமுமான ஊர். ஏற்றத்தில் ஒரு லாரி குறுக்கே சறுக்கி நின்றால் பின்னால் எல்லாம் நின்றது. உப்பும் மணலும் தூவ வந்த வண்டிகளும் அதே நெரிசலில் மாட்டிக்கொண்டன. கண்ணாடித் தரையில் பாஸ்டன்காரரின் காரும் சறுக்கத்தான் செய்யும்.

சரி, ஏன் அங்கே பனி இவ்வளவு அபூர்வம்? குளிர் இல்லாமல் அல்ல. நமக்கு வடக்கே இமயமலை மதில்போல நிற்கிறது. வட அமெரிக்காவில் கிழக்கு மேற்காக அப்படி ஒரு மதில் கிடையாது. கனடாவின் குளிர்காற்று தடையில்லாமல் மெக்சிகோ வளைகுடா வரை இறங்கிவிடும். ஆனால் அது வறண்ட காற்று. ஈரம் வர வேண்டியது தெற்கே அந்த வளைகுடாவிலிருந்து, அதுவோ வெதுவெதுப்போடு வருகிறது. பெரும்பாலும் மழை பெய்து ஓய்ந்த பிறகுதான் குளிர் வரும், அப்போது பனியாக விழ மேகம் இருக்காது. இரண்டும் சேர்ந்தாலும், நடுவானில் ஒரு வெப்ப அடுக்கு இருந்தால் பனி உருகி மழையாகிவிடும். அது தரைக்கு வந்து, கிளையிலும் மின்கம்பியிலும் பட்ட இடத்தில் உறையும். தெற்கத்திக்காரர்கள் பனியைவிட இதற்குத்தான் அதிகம் பயப்படுவார்கள்.

எல்லாம் கச்சிதமாகக் கூடி வந்த நாள் 2025 ஜனவரி 21. குளிர்காற்று முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்க, வளைகுடாவில் ஒரு தாழ்வுநிலை கடந்து போனது. நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்தில் 8 அங்குலம். பழைய சாதனை 1963 டிசம்பர் 31இல் வெறும் 2.7. அந்த நகரத்தில் இதற்கு ஈடான பனியைத் தேட 1895 பிப்ரவரிக்குப் போக வேண்டும். புளோரிடாவின் மில்டனில் 9.8 அங்குலம், அந்த மாநிலத்தின் முந்தைய சாதனை 1954இல் 4. லூசியானாவில் பெரிய ஹைவேயை மூடினார்கள். கன்னியாஸ்திரிகள் ஒரு பாதிரியாரோடு பனி உருண்டை எறிந்து விளையாடிய வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது.

அட்லாண்டாவில் 2014இல் இரண்டு வாரம் கழித்து மறுபடி எச்சரிக்கை வந்தது. இந்த முறை அரசு சொல்வதற்கு முன்பே ஜனங்கள் வீட்டில் அடைந்துகொண்டார்கள். ஹைவே வெறிச்சோடிக் கிடந்தது. அதற்கு முந்தைய நாள் கடைகளில் ரொட்டியும் பாலும் காலி, அது அந்த ஊர் வழக்கம். நானும் வரிசையில் நின்றேன். ரொட்டி யாருக்கு வேண்டும்? வீட்டில் தயிர் உறை ஊற்றப் பால் இல்லை.